கதவணையில் தேக்கிய காற்று

தொட்டியத்தில் நாற்பது வருஷம் வாழை போட்டவர் என் சித்தப்பா. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க முதல் தடவையாகத் திருச்சியில் விமானம் ஏறினார். திரும்பி வந்தவரிடம் ஊரில் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றியும் ஜன்னல் சீட்டைப் பற்றியும் கேட்டார்கள். அவருக்கோ வேறொரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. என்னைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டார்: "ஏண்டா, அவ்வளவு ஒசரத்துல காத்தே இல்லேங்குறாங்க. அப்புறம் நாலு மணி நேரம் நாங்க எதைடா மூச்சு விட்டோம்? தொட்டியத்துக் காத்தையே அடைச்சு எடுத்துட்டுப் போனானா?"

இல்லை சித்தப்பா, அடைத்து எடுத்துப் போனால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே இருப்பவர்கள் விட்ட மூச்சில் புழுங்கிப் போயிருப்பீர்கள். வழியெல்லாம் வெளிக்காற்றைப் பிடித்துத்தான் உள்ளே விட்டார்கள். மேலே காற்று இல்லாமல் இல்லை. இங்கே இருக்கிற அதே காற்றுதான், நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜனோடு அங்கேயும் இருக்கிறது. ஆனால் மெலிந்து கிடக்கிறது.

எவ்வளவு மெலிவு? கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 1013 மில்லிபார். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உச்சி தரையிலிருந்து 236 அடி. அங்கே போனால் 8 மில்லிபார் அளவுக்குக் குறையும். எந்தக் காதுக்கும் தெரியாது. தொட்டியத்திலிருந்து வடக்கே தெரிகிற கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் தெரியும். பாதி மலையிலேயே காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'டப்'பென்று திறந்துகொள்ளும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். அங்கும் மக்கள் பிறந்து வளர்ந்து கேரட் விளைவிக்கிறார்கள். ஆனால் சித்தப்பா பறந்தது 36,000 அடிக்குப் பக்கத்தில். அங்கே வெறும் 230 மில்லிபார், கால்வாசிகூட இல்லை. குளிரோ மைனஸ் 50 டிகிரியை ஒட்டி. அந்தக் காற்றை அப்படியே சுவாசித்தால் ஒரு நிமிஷத்துக்குள் நிதானம் தப்பிவிடும்.

ஆகவே விமானத்துக்குள் ஒரு மலையை உண்டாக்குகிறார்கள். விமானம் எவ்வளவு உயரம் போனாலும் உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதைவிடக் குறையக் கூடாது என்பது கணக்கு. அதாவது சுமார் 2,440 மீட்டர்: ஊட்டிக்குக் கொஞ்சம் மேலே, தொட்டபெட்டாவுக்குக் கொஞ்சம் கீழே. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் டிக்கெட் இல்லாமலே தொட்டபெட்டா அடிவாரத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தரையில் இருக்கும் அழுத்தத்தையே ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? உள்ளே அழுத்தம் கூடக்கூட அதைத் தாங்க உடம்புத் தகடு தடிமனாக வேண்டும்; விமானம் கனத்துவிடும். பயணியின் நுரையீரலுக்கும் விமானத்தின் எடைக்கும் நடந்த பஞ்சாயத்தில் முடிவானதுதான் இந்த 8,000 அடி.

சரி, மெலிந்த காற்றை நெருக்கித் தர ஒரு பம்பு வேண்டும். அதற்கென்று தனியாக எதுவும் வைப்பதில்லை. இறக்கைக்குக் கீழே ஏற்கெனவே இரண்டு தொங்குகின்றன. ஜெட் எஞ்சினின் முன்பகுதியே ஒரு ராட்சதக் காற்று பம்புதான். அடுக்கடுக்காகச் சுழலும் தகடுகள் வெளிக்காற்றை நெருக்கி நெருக்கி உள்ளே அனுப்ப, அதோடு எரிபொருள் சேர்ந்து எரிகிறது. எரிவதற்கு முன்னாலேயே நடு அடுக்குகளிலிருந்து கொஞ்சம் காற்றைக் குழாய் போட்டு உருவிக்கொள்கிறார்கள். விமானப் பொறியாளர்கள் இதை 'பிளீட் ஏர்' என்கிறார்கள். எரிபொருளைத் தொடாத சுத்தக் காற்று. போயிங் 737-800 விமானத்தில் ஐந்தாம் அடுக்கிலிருந்தும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒன்பதாம் அடுக்கிலிருந்தும் எடுக்கிறார்கள்.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். எஞ்சினில் நெருங்குண்ட காற்று 200 டிகிரிக்கும் மேலே கொதிக்கிறது. வெளியே மைனஸ் 50. உள்ளே எடுத்த காற்று 200. இந்தக் கொதிக்கிற காற்றிலிருந்துதான் நம் தலைக்கு மேல் 'சில்'லென்று அடிக்கிற காற்றை உண்டாக்குகிறார்கள். இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

வீட்டு ஏசி மாதிரி கேஸ் நிரப்பிய இயந்திரம் அல்ல இது. இதில் குளிர்விக்கிற பொருளும் காற்றுதான். வயிற்றுப் பக்கத்தில் இருக்கும் துளை வழியாக வருகிற வெளிக்காற்றின் முன்னால் சூடான காற்றைக் குழாய்களில் ஓடவிட்டு முதலில் கொஞ்சம் ஆற்றுகிறார்கள். பிறகு ஒரு சிறு சுழலியில் அதை மறுபடி நெருக்கி, மறுபடி ஆற்றி, கடைசியில் ஒரு டர்பைன் வழியாகச் சட்டென்று விரியவிடுகிறார்கள். டர்பைனைச் சுழற்றுவதில் தன் சக்தியைக் கொடுத்துவிட்ட காற்று உறைநிலை வரைக்கும் குளிர்ந்துவிடுகிறது. அந்த டர்பைனே அதே தண்டில் இருக்கிற நெருக்கும் சுழலியையும் ஓட்டுகிறது. மின்சார மோட்டார் வேண்டாம், கேஸ் வேண்டாம். பொறியாளர்கள் 'பேக்' என்று சொல்லும் இந்தப் பெட்டி 737-இல் இரண்டு, ஏர்பஸ் ஏ320-இலும் இரண்டு. அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டால் சூடான பிளீட் காற்றையே கொஞ்சம் கலந்துவிட்டால் போதும். பொதுவாக, கேபினில் சுற்றும் காற்றில் ஏறக்குறைய பாதி இப்படிப் புதிதாக வந்தது. மீதி வடிகட்டி வழியாகத் திரும்ப வருவது.

கோடையில் திருச்சியிலிருந்து கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மேலே இருக்கும் துவாரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை இறங்கும். பக்கத்து சீட்டு அம்மா பதறிப்போய் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வார். அது புகை இல்லை. ஆற்றங்கரை ஊரின் ஈரக்காற்று குளிர்ந்த காற்றோடு சேரும்போது உண்டாகும் மூடுபனி. மழை பெய்த மறுநாள் இன்னும் அதிகமாக வரும். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், வண்டி பின்னால் தள்ளப்படும்போது, ஏசி ஒன்றிரண்டு நிமிஷம் நின்றுபோவதையும் கவனித்திருக்கலாம். "காசு வாங்குறான், ஏசி போடமாட்டேங்குறான்" என்று முணுமுணுப்பவர்களுக்கு: பெரிய எஞ்சினை முதலில் சுழலவைப்பதும் காற்றுதான். விமானத்தின் வாலில் இருக்கும் சிறு எஞ்சின் தரும் காற்றை அந்த நேரம் மொத்தமாக அங்கே திருப்பிவிடுகிறார்கள். இரண்டு வாய்க்காலுக்கு ஒரே முறைத் தண்ணீர்.

இதுவரை சொன்னது காற்று உள்ளே வருவதைப் பற்றி. அழுத்தத்தைக் காப்பது இது இல்லை. இதைச் சொன்னதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாயனூர்க் கதவணையில மட்டத்தை எப்படி சித்தப்பா நிறுத்துறாங்க?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி. வர்ற தண்ணி வந்துக்கிட்டேதான் இருக்கும். ஷட்டரை ஏத்தி எறக்கித்தான்."

விமானத்திலும் அதேதான். காவிரியின் குறுக்கே மாயனூரில் 98 ஷட்டர். விமானத்தில் ஒரே ஒரு ஷட்டர். இரண்டு பேக்குகளும் ஒரே சீராகக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வாலுக்குப் பக்கத்தில், கீழே ஒரு சிறு கதவு இருக்கிறது. 'அவுட்ஃப்ளோ வால்வு' என்று பெயர். காற்று அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. தரையில் அகலத் திறந்திருக்கும். விமானம் ஏற ஏற ஒரு கணினி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும். இறங்கும்போது பதமாகத் திறக்கும். நாம் விட்ட மூச்சு, கழிப்பறை நெடி, சமையற்கட்டின் காபி வாசம் எல்லாம் அந்த வழியாக வானத்துக்குப் போகிறது. ஆகவே விமானம் காற்றை அடைத்து வைத்த பலூன் அல்ல. வரத்தும் போக்கும் உள்ள ஒரு கதவணை. கலிங்குகூட இருக்கிறது: ஷட்டர் அடைத்துக்கொண்டு அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து வழியவிடும் தனி வால்வுகள்.

அந்த நீர்த்தேக்கத்தின் கரை எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். உள்ளே சுமார் 750 மில்லிபார், வெளியே 230. வித்தியாசம் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 5 டன்னுக்கு மேல் எடையோடு வெளியே தள்ளும். பயணிகள் ஏறும் கதவின் மேல் மட்டும் 8 டன். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று சாய்ந்து நிற்பது போல. ஒவ்வொரு பயணத்திலும் இந்த உடம்பு ஒருமுறை உப்பி ஒருமுறை தளர்கிறது. 1954-இல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் ஒன்று ஏப்ரலில் ஒன்று, மத்தியதரைக் கடல் மேல் வெடித்துச் சிதறியதற்குக் காரணம் இந்த உப்பலும் தளர்வும்தான். உலோகம் களைத்துப்போய்விட்டது. கண்டுபிடிப்பதற்காக ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி, உடையும்வரை சோதித்தார்கள். அதற்குப் பிறகு விமானத்தின் உடம்பைப் பற்றிய கணக்கே மாறிவிட்டது.

கதவின் மேல் இருக்கும் அந்த 8 டன்தான் நம்மைக் காக்கவும் செய்கிறது. பறக்கும் உயரத்தில் எந்தப் பயில்வானாலும் கதவைத் திறக்க முடியாது. தரையில் முடியும். 2022 டிசம்பர் 10 அன்று சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பவிருந்த இண்டிகோவின் ஏடிஆர் விமானத்தில், ஒரு பயணி தவறுதலாக அவசரவழிக் கதவைத் திறந்துவிட்டார். அவர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் செய்தி முழுக்க யார், எவர், மன்னிப்பு கேட்டாரா என்றே ஓடியது. எனக்கு முக்கியமாகப் பட்டது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொன்ன ஒரு சிறு தகவல்: கதவைத் திரும்பப் பொருத்திய பிறகு, அழுத்தச் சோதனை நடத்தித்தான் விமானத்தை அனுப்பினார்கள். மதகுப் பலகையைக் கழற்றி மாட்டினால் கசிகிறதா என்று பார்க்காமல் ஏரியை நிரப்புவார்களா?

அந்தச் சோதனைக்கே ஒரு கொடிய கதை உண்டு. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனத்தின் 737 விமானம். முந்தைய பயணத்தில் ஒரு கதவைப் பற்றிப் புகார் வந்ததால் தரையில் அழுத்தச் சோதனை செய்தார்கள். அதற்காக ஷட்டரைக் கணினியிடமிருந்து பிரித்து, கையால் இயக்கும் நிலைக்குத் திருகினார்கள். வேலை முடிந்தது, திருகு திரும்பப் போகவில்லை. கிளம்பும் முன் விமானிகளும் கவனிக்கவில்லை. விமானம் ஏறியது, வால் ஷட்டர் ஒருக்களித்துத் திறந்தே கிடந்தது. எஞ்சின்கள் உள்ளே தள்ளிய காற்றெல்லாம் வழிந்து போனது. எச்சரிக்கை ஊதல் அடித்தது. அந்த வகை விமானத்தில், தரையில் ஓடும்போது தவறு நேர்ந்தால் அடிக்கும் அதே ஊதல்தான் இதற்கும். விமானிகள் அதை அப்படியே தவறாக எடுத்துக்கொண்டு தரையிலிருந்த பொறியாளரோடு பேசிக்கொண்டே நினைவிழந்தார்கள். யாரும் ஓட்டாமலே விமானம் 34,000 அடியில் எரிபொருள் தீரும்வரை பறந்து, மலையில் மோதியது. 121 பேரும் போனார்கள். ஒரே ஊதலுக்கு இரண்டு அர்த்தம் வைத்தவர்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

ஹீலியோஸில் போக்குவழி திறந்து கிடந்தது. நம் நாட்டில் நடந்தது எதிர்முனை: வரத்தே இல்லை. 2018 செப்டம்பர் 20 காலை, ஜெட் ஏர்வேஸின் 737 ஒன்று மும்பையிலிருந்து 166 பயணிகளோடு ஜெய்ப்பூருக்குக் கிளம்பியது. எஞ்சினிலிருந்து காற்றை எடுக்கும் பிளீட் சுவிட்சுகளைப் போடவில்லை. ஷட்டர் தன் வேலையைச் செய்யக் காத்திருந்தது. தேக்குவதற்குத்தான் காற்று வரவில்லை. மேலே போகப் போக முகமூடிகள் விழுந்தன. சுமார் முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம். விமானம் மும்பைக்கே திரும்பியதால் உயிர்ச்சேதம் இல்லை. இந்தச் சம்பவத்துக்குச் சரியாக 29 நாள் முன்னால்தான், ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் 1836-ஆம் வருஷத்து மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. அந்தச் செய்தியைத் திருச்சி மாவட்டமே மாதக்கணக்கில் பேசியது. ஜெட் ஏர்வேஸ் செய்தி இரண்டு நாளில் மறைந்துவிட்டது. தேங்கியது கண்ணுக்குத் தெரிகிற தண்ணீராக இருந்தால்தான் நமக்குப் பயமே வருகிறது.

காற்றுக் குறைவின் ஆபத்தே அது வலிக்காது என்பதுதான். மூச்சு முட்டாது; கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால் உடம்புக்குத் திணறல் தெரியாது. மனம் லேசாகும், சிலருக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும். தண்ணி போட்டவர் "நான் நிதானமாத்தான் இருக்கேன்" என்று சொல்வது போல, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். 35,000 அடியில் இந்த மயக்கத்துக்கு முன் கையும் மூளையும் ஒழுங்காக வேலை செய்யும் நேரம் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம். "முதலில் உங்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு, பிறகு பிள்ளைக்கு மாட்டுங்கள்" என்று சொல்வது இதனால்தான். தாய்மார்களின் காதில் இது சுயநலம் போல விழும். ஆனால் பிள்ளைக்கு முதலில் மாட்டப் போய், நாடாவில் தடுமாறி, அம்மா மயங்கிவிட்டால் இரண்டு பேருக்கும் ஆள் இல்லை. கேபினில் அழுத்தம் 14,000 அடிக்கு உரியதாகக் குறையும்போது முகமூடி விழும். பெரும்பாலான விமானங்களில் அதற்கு ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து வருவதில்லை. தலைக்கு மேலே ஒரு வேதிப்பொருள் குப்பி, இழுத்ததும் சூடேறி ஆக்சிஜனைக் கக்கும். பன்னிரண்டு நிமிஷம்போல வரும். 10,000 அடிக்கு இறங்க அது போதும்.

திருச்சிக்காரர்கள் விமானம் என்றதும் நினைப்பது இதையெல்லாம் இல்லை என்று தெரியும். 2024 அக்டோபர் 11 மாலை, ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் வட்டமடித்ததையும், ஊரே மொட்டை மாடியில் நின்று பார்த்ததையும்தான் நினைப்பார்கள். அது எண்ணெய் அழுத்தக் கோளாறு, 'ஹைட்ராலிக்'. காற்று அமைப்போடு அதற்குச் சம்பந்தம் இல்லை. எரிபொருளைத் தீர்த்துக்கொண்டு பத்திரமாக இறங்கிவிட்டது.

காற்றுக்கு இன்னொரு வேலை மீதி இருக்கிறது: பனிக்கட்டியை விரட்டுவது. அக்கினி நட்சத்திரத்தில் வேகும் ஊருக்குப் பனிக்கட்டியோடு என்ன உறவு என்று தோன்றும். நம் தலைக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில், மே மாதத்திலும், உறைநிலை காத்திருக்கிறது. அங்கே மேகத்தில் இருக்கும் நீர்த்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல், உறைவதற்கு ஒரு இடம் தேடி மிதக்கின்றன. இறக்கையின் முன்விளிம்பு பட்டதும் அப்படியே ஒட்டிக் கட்டியாகிவிடும். எடை கூடுவது சின்ன விஷயம். இறக்கையின் வடிவம் கெட்டுப்போவதுதான் பெரிது. தூக்கும் சக்தியே போய்விடும்.

737 போன்ற ஜெட் விமானங்கள் இறக்கையின் முன்விளிம்புக்குள் சூடான பிளீட் காற்றை ஓடவிட்டு, ஒட்டவே விடாது. எஞ்சினின் வாய்விளிம்பையும் அதே காற்று சூடாக வைக்கிறது. சிறிய எஞ்சின் கொண்ட ஏடிஆருக்கு அவ்வளவு காற்றைத் தாரை வார்க்க முடியாது. அதனால் அதன் உத்தி வேறு. சென்னையிலிருந்து திருச்சிக்கு ஏடிஆரில் வரும்போது பார்த்தால், இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டை தெரியும். பனி கொஞ்சம் படிந்ததும் அதற்குள் காற்று புகுந்து உப்பும்; ஓடு உடைந்து சிதறும்; பட்டை மறுபடி ஒட்டிக்கொள்ளும். சோம்பல் முறிப்பது போல. நல்ல உத்திதான், ஆனால் எல்லை உண்டு. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லானில் ஓர் ஏடிஆர் 72 வழக்கத்தைவிடப் பெரிய துளிகளுக்குள் வட்டமடித்தது. பனி ரப்பர் பட்டைக்குப் பின்னால், உப்பல் எட்டாத இடத்தில் கட்டியது. 68 பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று பிரேசிலில் இன்னொரு ஏடிஆர், 62 பேர். பனி நீக்கும் சுவிட்சு பலமுறை போடப்பட்டும் அணைக்கப்பட்டும் இருந்ததாக முதற்கட்ட அறிக்கை சொன்னது.

எஞ்சினிலிருந்து இப்படிக் காற்றை உருவுவதற்கு விலை உண்டு. உருவிய அளவுக்கு எரிபொருள் கூடும். போயிங் 787-இல் இந்த ஏற்பாட்டையே பெரும்பாலும் எடுத்துவிட்டு, மின்சாரக் கம்ப்ரெசர் வைத்து வெளிக்காற்றை நேரடியாக நெருக்குகிறார்கள். உடம்பும் கார்பன் இழையால் ஆனது. களைப்பு குறைவு என்பதால் உள்ளே 6,000 அடி அழுத்தத்தையே வைத்துக்கொள்ள முடிகிறது. ஊட்டியிலிருந்து குன்னூருக்கு இறங்கி வந்த மாதிரி.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தார். சிங்கப்பூரிலிருந்து வரும் வழியில் விமானத்திலேயே குடித்து முடித்து, மூடியை இறுக்கி, பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். யாரோ கையால் பிடித்து நெரித்தது போல இடுப்பு ஒடுங்கிக் கிடந்தது. "இதை யாரும் அழுத்தலடா. திருச்சியில எறங்கி எடுத்துப் பார்த்தேன், இப்படி இருந்துச்சு. அதான் பத்திரமா வெச்சிருக்கேன்."

அதற்குள் இருந்தது தொட்டபெட்டா அடிவாரத்துக் காற்று. கால்வாசி இடத்தை நம் ஊர்க் காற்று வெளியிலிருந்து நெருக்கி எடுத்துக்கொண்டிருந்தது. மூடியைத் திருகச் சொன்னேன். 'புஸ்' என்று ஒரு சத்தம், பாட்டில் நிமிர்ந்துகொண்டது.

"போச்சு," என்றார் சித்தப்பா. "ஊருக்கெல்லாம் காட்டலாம்னு வெச்சிருந்தேன்."